போட் இன்ஜின் கடல் தண்ணி லைன்ல பித்தளை நிப்பிள் ஏன் கையோட வருது, என்ன பண்ணலாம்

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். மண்டபத்துல விசைப்படகு, ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இன்ஜின் கூலன்ட்டோட சூட்ட கடல் தண்ணி வாங்கிக்கிற பெட்டி) வச்சது. போன மீன்பிடி தடைக்காலத்துல கடல் தண்ணி லைன்ல இருந்த நிப்பிள் (ஹோஸ் மாட்டுற, மரை வெட்டுன சின்னக் குழாய்த் துண்டு), எல்போ எல்லாத்தையும் புதுசா பித்தளையில மாத்தியிருக்காங்க. பத்து மாசம்கூட ஆகல, ஹோஸ் கழட்டலாம்னு ஸ்பேனர் வச்சா நிப்பிள் பாதி கையோட வந்துருச்சு, மீதி எக்ஸ்சேஞ்சர் மூடியிலேயே மாட்டிக்கிச்சு. ஜிங்க் (மத்த உலோகத்துக்குப் பதிலா தான் கரையிறதுக்குன்னு வைக்கிற துத்தநாகத் துண்டு) போட்டுத்தானே இருக்கோம் அப்புறம் ஏன் இப்படி, இனிமே மொத்தமா எஸ்.எஸ்.ல, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மாத்திரலாமா, கூலன்ட்டுக்குப் பதிலா கிணத்துத் தண்ணி ஊத்துறது தப்பான்னும் கேட்டிருக்காரு.

நான் இந்தக் கரையில இருபது வருஷத்துக்கு மேல போட் இன்ஜின் வேலை பாக்குறவன், இதே கேள்விய வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் உடைஞ்ச நிப்பிள கையில வச்சுக்கிட்டு கேக்குறாங்க. முதல்ல நேரா பதில் சொல்லிடுறேன். மொத்தமா எஸ்.எஸ்.க்கு மாறாதீங்க. கன்மெட்டலுக்கு மாறுங்க, அது ஜிங்க் ரொம்பக் குறைவா இருக்குற செம்புக் கலவை. உங்க ஜிங்க் நல்லா இருந்தாலும் லைன் முழுக்க எட்டாது. கிணத்துத் தண்ணி இன்னையோட நிறுத்துங்க. ஏன் எதுக்குன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க, கடல்ல இன்ஜின் நின்னுபோனா அதுல இருக்குறது ஆறேழு உசுரு.

அந்த உடைஞ்ச நிப்பிள பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டீங்களா? போடலன்னா எடுத்து வைஸ்ல மாட்டி ஹேக்ஸா பிளேடால நெடுக்க அறுத்துப் பாருங்க. வெளிப்பக்கம் ஒரு மெல்லிசு கோடு மட்டும் மஞ்சளா இருக்கும், உள்பக்கம் முழுக்க ரோஸ் கலந்த செம்பு நிறமா இருக்கும், மரை வெட்டுன இடத்துல அந்த மஞ்சக் கோடு சுத்தமா காணாமப் போயிருக்கும். அந்த செம்பு நிறத்துல கத்தி முனைய வச்சு சுரண்டுனா உலோகம் மாதிரி சீவிக்கிட்டு வராது, செங்கல் பொடி மாதிரி உதிரும். உங்க நிப்பிள் உடைஞ்சது அந்த இடத்துலதான், எனக்கு பாக்காமலே தெரியும், ஏன்னா மரை வெட்டும்போதே சுவர் கனம் கிட்டத்தட்ட பாதி போயிடுது, மிச்சம் இருக்குற பாதியத்தான் தண்ணி உள்ள இருந்து தின்னுட்டு வருது.

நடந்தது என்னன்னா, பித்தளைங்கிறது செம்பும் நாகமும் கலந்தது, நாகம்னா நம்ம ஜிங்க்தான். சாதாரண ஹார்டுவேர் கடையில வர்ற மஞ்சப் பித்தளையில ஏறக்குறைய அறுபது பங்கு செம்பு, நாற்பது பங்கு ஜிங்க். கடல் தண்ணி அதுல இருந்து ஜிங்க மட்டும் உருவி எடுத்துட்டு செம்ப பஞ்சு மாதிரி விட்டுட்டுப் போயிடும். அளவு மாறாது, மரை மாறாது, வெளிய பாத்தா புதுசு மாதிரியே நிக்கும், ஆனா உள்ள பலம் கிடையாது. பதினஞ்சு சதவீதத்துக்கு மேல ஜிங்க் இருக்குற பித்தளை எல்லாமே இந்த ஆபத்துல இருக்கு. தண்ணி சூடா இருந்தா இன்னும் வேகமா நடக்கும், அதுனால எக்ஸ்சேஞ்சருக்குள்ள போற பக்கத்து நிப்பிள விட வெளிய வர்ற பக்கத்து நிப்பிள் சீக்கிரம் போகும். தண்ணி ஓடாம நின்னாலும் வேகம் கூடும். நம்ம போட்டு தொழிலுக்குப் போகாத நாள்ல கரையில நிக்குது, அந்த நேரம் பூரா லைனுக்குள்ள உப்புத் தண்ணி அப்படியே நிக்குது. ஓடுற நாள்ல தேயுதோ இல்லையோ, நிக்கிற நாள்ல நிச்சயம் தேயுது.

வீட்டுல பித்தளைப் பாத்திரத்துல பச்சைக் களிம்பு பாத்து பயந்து பழகுனதுனால எல்லாரும் இங்கயும் பச்சைய பாத்துதான் பயப்படுறாங்க. கடல் தண்ணி லைன்ல பரவலா லேசா பச்சை படிஞ்சிருந்தா அது பெரிய ஆபத்து இல்ல, அரத்தால ஒரு இழுப்பு இழுத்தா அடியில மஞ்சளா பளபளன்னு வரும். பயப்பட வேண்டியது ரோஸ் நிறத்துக்கும், ஜாயின்ட் ஓரத்துல உப்பு மாதிரி வெள்ளையா பூத்து நிக்கிற பொடிக்கும். அந்த வெள்ளைப் பொடி துடைச்ச பிறகும் ரெண்டு நாள்ல திரும்ப வந்தா உள்ள வழி விழுந்துருச்சுன்னு அர்த்தம். சின்ன சுத்தியலால தட்டிப் பாக்குறதும் நல்ல சோதனைதான், நல்ல பித்தளை மணி மாதிரி கணீர்னு சொல்லும், செத்த பித்தளை மண்சட்டி மாதிரி மொத்தையா சத்தம் போடும்.

ஒருமுறை இதுல நானே தப்பு பண்ணியிருக்கேன். ஒரு போட்டுல சீ காக் (போட்டு அடியில கடல் தண்ணி உள்ள வர்ற வால்வு) பக்கத்து எல்போவ கையால ஆட்டிப் பாத்து கெட்டியா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன், சுரண்டிப் பாக்கல. நாலாம் நாள் கடல்ல இன்ஜின் அதிர்வுலயே அது கழுத்தோட ஒடிஞ்சு, போட்டுக்குள்ள தண்ணி ஏறி, டிரைவர் உள்ள குதிச்சு சாக்க அடைச்சு, கூட வந்த போட்டு கட்டி இழுத்து கரை சேத்தாங்க. ஒன்றரை இஞ்ச் ஓட்டை, தண்ணி மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழ இருந்தா நிமிஷத்துக்கு சுமார் 180 லிட்டர் உள்ள வரும், அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு டீசல் பேரல். அன்னையில இருந்து நான் கத்தியில்லாம எந்த போட்டுக்குள்ளயும் இறங்குறதில்ல. நீங்களும் ஒவ்வொரு சீ காக் பக்கத்துலயும் அந்த ஓட்டைக்குச் சரியா இருக்குற மர ஆப்பு ஒண்ணு செதுக்கி கயிறு போட்டு கட்டி வைங்க, உங்க ஓடாவிகிட்ட, அதாங்க போட்டு ஆசாரிகிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல செஞ்சு குடுப்பாரு.

பித்தளைக்கு இன்னொரு சாவும் இருக்கு, அது விரிசல். வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல பட்டாளத்துத் தோட்டாக்களோட பித்தளை உறை மழைக்காலத்துல தானா விரிஞ்சுச்சு, தோட்டாவ குதிரை லாயத்துல சேத்து வச்சிருந்தாங்க, காரணம் குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியான்னு 1921லதான் தெளிவாச்சு. இறுக்கத்துல இருக்குற பித்தளை மேல அமோனியா பட்டா நெடுக்க விரியும். இத ஏன் சொல்றேன்னா நம்ம போட்டு அடியில நிக்கிற தண்ணியில மீன் கழிவும் ரத்தமும் அழுகி அதே அமோனியாதான் வருது, கடல் தண்ணிய வடிகட்டுற ஸ்ட்ரெய்னருக்குள்ள சிப்பி செத்து அழுகுனாலும் அதேதான். அதுக்கு மேல நாம நிப்பிள ரெண்டடி பைப் ரெஞ்சு போட்டு ஏறி மிதிச்சு இறுக்குறோம். டேப்பர் மரைய (போகப் போக சிறுக்குற மரை) அளவுக்கு மீறி இறுக்குனா பெண் மரை இருக்குற எல்போவுக்கு வெளிய தள்ளுற இழுவிசை எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும். கையால இறுக்கி அதுக்கு மேல ஒன்றரை ரெண்டு சுத்து போதும், கசிஞ்சா கழட்டி சீலன்ட் சரியா போடுங்க, கசிவ பலத்தால நிறுத்தாதீங்க. அப்புறம் அடியில தண்ணி அழுக விடாம கழுவி விடுங்க, இத நான் சுத்தத்துக்காக மட்டும் சொல்லல.

சரி, எத போடுறதுங்கிறதுக்கு வருவோம்.

கன்மெட்டல்னு கேட்டு வாங்குங்க. செம்பு 85, வெள்ளீயம் 5, காரீயம் 5, ஜிங்க் 5, இதுதான் அந்த சரக்கு, நம்ம ஐ.எஸ். 318ல எல்.டி.பி. 2ன்னு வர்ற கிரேடு. ஜிங்க் அஞ்சே பங்கு இருக்குறதுனால உருவி எடுக்க அதுல ஒண்ணும் பெருசா இல்ல. விலை பித்தளைய விட நல்லாவே கூட, ஆனா ஒரு தடவ போட்டா பல வருஷம் ஓடும். கடையில கன்மெட்டல்னு சொல்லி பித்தளைய குடுக்குறதும் உண்டு, அதுனால கடையிலேயே ஒரு ஓரத்த சுரண்டிப் பாருங்க, பித்தளை எலுமிச்சை மஞ்சளா இருக்கும், கன்மெட்டல் கொஞ்சம் சிவப்பேறுன பழுப்பா இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வச்சா கண்ணுக்கே தெரிஞ்சுரும். மேல குரோமியம் பூசி பளபளன்னு இருக்குறத வாங்கவே வாங்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. கன்மெட்டல் கிடைக்கவே இல்லன்னா ஜிங்க் உருவாத பித்தளைன்னு ஆர்செனிக் கொஞ்சம் சேத்தது வருது, டி.இசட்.ஆர்.ன்னு அதுலயே அச்சு இருக்கும், அது ரெண்டாவது வழி.

எஸ்.எஸ். ஏன் வேண்டாம்னு சொல்றேன்? எஸ்.எஸ். துருப்பிடிக்காம இருக்குறதுக்குக் காரணம் அது மேல தானா படியிற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் உயிரோட இருக்கணும்னா ஆக்சிஜன் வேணும். திறந்த இடத்துல, தண்ணி ஓடுற இடத்துல அது கிடைக்குது. மரைக்குள்ள, ஹோஸ் கிளிப்புக்கு அடியில, சிப்பி ஒட்டிக்கிட்ட இடத்துக்கு அடியில, மாசக்கணக்குல நிக்கிற தண்ணியில அது கிடைக்காது, அங்க படலம் உடைஞ்சா ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழுந்து நேரா உள்ள இறங்கும், சுத்தி இருக்குற இடம் கண்ணாடி மாதிரி பளபளன்னுதான் இருக்கும். நிப்பிள்ங்கிறதே மரையும் கிளிப்பும்தான், அதாவது எஸ்.எஸ்.க்கு எது ஆகாதோ அதுவேதான். 304 கடல் தண்ணிக்கு லாயக்கே இல்ல. 316ல ரெண்டு மூணு சதவீதம் மாலிப்டினம் இருக்குறதுனால பரவாயில்ல, இருந்தாலும் முழுசா நம்ப முடியாது.

அத விட முக்கியமான காரணம் வேற. கடல் தண்ணியில ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்தா அது ஒரு பேட்டரி, அவ்வளவுதான். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அந்தத் தண்ணி நல்லா கரண்ட் கடத்தும். வரிசை எப்படின்னா ஜிங்க் முதல்ல கரையும், அடுத்து அலுமினியம், அடுத்து இரும்பு, அப்புறம் பித்தளை, அப்புறம் கன்மெட்டல், செம்பு நிக்கல், கடைசியா படலம் நல்லா இருக்குற எஸ்.எஸ்., அதுக்கும் அப்பால கிராஃபைட். இதுல எந்த ரெண்ட சேத்தாலும் முன்னாடி இருக்குறது கரையும், பின்னாடி இருக்குறது தப்பிச்சுக்கும். நீங்க மொத்த லைனையும் எஸ்.எஸ். ஆக்கிட்டு ஒரே ஒரு பித்தளை எல்போவ விட்டீங்கன்னா அத்தனை எஸ்.எஸ்.ஸும் சேந்து அந்த ஒரு எல்போவ தின்னும். பெரிய பரப்புல எஸ்.எஸ்., சின்னப் பரப்புல பித்தளை, இத விட மோசமான சேர்க்கை கிடையாது. கடைசியில பம்ப் பாடியும் எக்ஸ்சேஞ்சர் மூடியும் பெரும்பாலும் செம்பு இனம்தானே, அதுக்குள்ள எஸ்.எஸ். நிப்பிள் திருகுனா நிப்பிள் நிக்கும், விலை கூடுன மூடியோட மரை போயிடும். உப்பு திங்குது உப்பு திங்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க, உப்பு வழிதான் போட்டுக் குடுக்குது, எது பக்கத்துல எத வச்சோமோ அதுதான் திங்குது.

அதுனால ஒரே இனமா போங்க. பம்ப் கன்மெட்டல்னா நிப்பிளும் கன்மெட்டல், வால்வும் கன்மெட்டல். இடையில கம்பி வச்ச நல்ல ரப்பர் ஹோஸ். நடுவுல ஜி.ஐ. பெண்டு (ஜிங்க் பூசுன இரும்பு வளைவு) ஒண்ணு அவசரத்துக்குப் போட்டோம்னு சொல்லுவாங்க, அந்த பெண்டு மேல இருக்குற ஜிங்க் பூச்சு சீக்கிரமே போயிடும், அப்புறம் வெறும் இரும்பு, ரெண்டு பக்கமும் செம்பு இனம் உக்காந்துக்கிட்டு அத தின்னும், தின்னது போக உதிர்ற துரு நேரா எக்ஸ்சேஞ்சர் ட்யூப்ல போய் அடைக்கும். கிராஃபைட் கிரீஸ், கிராஃபைட் கலந்த கேஸ்கெட் இந்த லைன்ல எங்கயும் வேண்டாம், வரிசையில அது எங்க இருக்குன்னு மேல சொன்னேன்ல.

ஹோஸ் கிளிப் வாங்கப் போகும்போது பாக்கெட்ல ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. பட்டை எஸ்.எஸ்.ன்னு போட்டிருப்பான், திருகு மட்டும் சாதா இரும்பா இருக்கும், காந்தம் பட்டுன்னு ஒட்டும், அது ஒரு சீசன்ல துருவேறி தெறிக்கும். தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்குற ஹோஸ் முனைக்கெல்லாம் ரெண்டு கிளிப், ரெண்டோட திருகும் எதிரெதிர் பக்கம் வர்ற மாதிரி.

இப்ப ஜிங்க். நீங்க சொல்றது எக்ஸ்சேஞ்சர்ல திருகுற பென்சில் ஜிங்க்தானே? அது எக்ஸ்சேஞ்சர காப்பாத்தத்தான் இருக்கு. பைப்புக்குள்ள ஜிங்கோட பாதுகாப்பு பைப் விட்டத்துக்கு சில மடங்கு தூரம்தான் எட்டும், அதுக்கு அப்பால எட்டாது. ரப்பர் ஹோஸுக்கு அந்தப் பக்கம் தனியா உக்காந்திருக்குற நிப்பிளுக்கு சுத்தமா எட்டாது, ஏன்னா ஜிங்க் வேலை செய்ய உலோகத் தொடர்பும் வேணும், தண்ணித் தொடர்பும் வேணும். போட்டு வெளிய அடியில போட்ட ஜிங்க் கட்டி உள்ள இருக்குற லைனுக்கு ஒண்ணும் செய்யாது, அது வேற தண்ணி. உங்க நிப்பிள் எக்ஸ்சேஞ்சர் மூடியிலேயே இருந்தும் போச்சே, அது ஏன்னு கேப்பீங்க. ஜிங்க கழட்டிப் பாத்தீங்களா? அது தேயாம புதுசா இருந்தா சந்தோஷப்படாதீங்க, அது வேலையே செய்யலன்னு அர்த்தம். நான் பாத்த வரைக்கும் முக்காவாசி நேரம் காரணம் டெஃப்லான் டேப். ஜிங்க் பிளக் மரையில டேப்ப சுத்தோ சுத்துன்னு சுத்தி இறுக்குறாங்க, கசியாது, ஆனா உலோகம் உலோகத்த தொடாது, கரண்ட் எப்படிப் போகும். ஜிங்க் பிளக்குக்கு டேப் போடாதீங்க. போட்டுட்டு மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு பிளக் தலையிலயும் எக்ஸ்சேஞ்சர் பாடியில சுரண்டுன இடத்துலயும் வைங்க, ஒரு ஓம்க்குக் கீழ காட்டணும்.

பாதி தேஞ்சா மாத்திடணும், முழுசா தேயட்டும்னு விட்டா மிச்சம் ஒடிஞ்சு உள்ள விழுந்து ட்யூப் வாயில போய் நிக்கும், அப்புறம் இன்ஜின் ஏன் சூடாகுதுன்னு ஊரெல்லாம் தேடுவீங்க. மாசம் ஒரு தடவ கழட்டிப் பாருங்க, ரெண்டு மூணு மாசத்துல உங்க போட்டுக்கு எத்தனை நாள் தாங்குதுன்னு கணக்கு தெரிஞ்சுரும். பழைய டார்ச் பேட்டரி ஓட்ட உருக்கி ஜிங்க் வார்க்குறதெல்லாம் வேண்டாம். இந்த வேலைக்கான ஜிங்க்ல இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, இரும்பு கூடுனா மேல ஒரு தோல் மாதிரி படிஞ்சு அப்படியே அடங்கிப் போயிடும். அது மேல பெயின்ட் அடிக்கிறவங்களும் இருக்காங்க, அடிச்சா அது வெறும் பொம்மை.

ஜிங்க் வைக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. 1824ல ஹம்ப்ரி டேவிங்கிற விஞ்ஞானி இங்கிலாந்து போர்க்கப்பல் அடியில இருந்த செம்புத் தகட்டோட இரும்பும் ஜிங்கும் சேத்து வச்சா செம்பு அரிக்காதுன்னு காட்டுனாரு. அரிக்கல. ஆனா செம்பு கரையுறது நின்னதும் கப்பல் அடியில சிப்பியும் பாசியும் அப்பிக்கிச்சு, ஏன்னா கரையுற செம்போட விஷம்தான் அதுங்கள அண்ட விடாம வச்சிருந்துச்சு. நம்ம ஸ்ட்ரெய்னருக்கும் இது பொருந்தும். அதுக்குள்ள ஜிங்க் தொங்கவிட்டா கன்மெட்டல் பாடி நல்லா இருக்கும், ஆனா சிப்பி பிடிக்கும், ரெண்டையும் சேத்துப் பாத்து அடிக்கடி திறந்து கழுவணும். பாக் நீரிணைப் பக்கம் சேறும் கடல் புல்லும் வேற இழுக்கும், அந்தப் பக்கம் ஓடுறவங்க ஸ்ட்ரெய்னர தினமும் திறக்குறது நல்லது.

அந்த சேத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பம்ப்ல இருந்து வெளிய வந்த உடனே குறுகலான எல்போ ஒண்ணு, அடுத்து இன்னொரு எல்போன்னு நெருக்கி வச்சா தண்ணி சுழிச்சு அடிச்சு அந்த வளைவுல குதிரை லாடம் மாதிரி குழி குழியா அரிக்கும், மணல் கலந்திருந்தா சொல்லவே வேண்டாம். வளைவு வேணுங்குற இடத்துல ஹோஸையே பெருசா வளைச்சு விடுங்க, பம்ப் வாய் அளவ விட சின்ன நிப்பிள் எங்கயும் போடாதீங்க.

கரண்ட் விஷயம் சுருக்கமா. ஒரு நிப்பிள் பத்து மாசம் இல்லாம பத்து நாள்ல போச்சுன்னா உலோகத்த குறை சொல்லாதீங்க, எங்கயோ பேட்டரி கரண்ட் தண்ணி வழியா ஒழுகுது. பெரும்பாலும் அடியில தண்ணிக்குள்ள கிடக்குற பம்ப் வயர் ஜாயின்ட்தான், துணி மாதிரி டேப் சுத்தி விட்டிருப்பாங்க. எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணி, பேட்டரி பிளஸ் கழட்டி, கழட்டுன வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மல்டிமீட்டர 10 ஆம்பியர்ல வச்சுப் பாருங்க, எதுவும் ஓடாதப்போ அதுல ஏதாவது காட்டுனா ஒவ்வொரு வயரா கழட்டி எது ஒழுகுதுன்னு கண்டுபிடிங்க. தடைக்காலத்துல வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளிப்ப இன்ஜின் மேல மாட்டிட்டு போட்டோட அந்தக் கோடியில வெல்டிங் பண்றாங்க பாருங்க, அத கண்டிப்பா தடுத்துடுங்க. எர்த் வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலேயே மாட்டணும், பேட்டரி ரெண்டு முனையும் கழட்டியிருக்கணும்.

கூலன்ட். நம்ம ஊர்ல ஐஸ் கட்டாதே அப்புறம் எதுக்கு கூலன்ட்னு கேக்குறாங்க, அதுல நமக்கு வேணுங்கிறது ஐஸ் கட்டாம இருக்குறது இல்ல, துருவ தடுக்குற மருந்து. ராமநாதபுரம் மாவட்டத்துல கிணத்துத் தண்ணி பெரும்பாலும் உவர்ப்பு, அத ஊத்துறதும் உள்ள பக்கமும் கடல் தண்ணி விடுறதும் கொஞ்சம்தான் வித்தியாசம். பிளாக் இரும்பு, தலை சில இன்ஜின்ல அலுமினியம், எக்ஸ்சேஞ்சர் செம்பு நிக்கல், எல்லாம் ஒரே தண்ணியில கிடக்குது, மேல சொன்ன பேட்டரி உள்ளயும் ஓடும். இன்னொண்ணு, டீசல் இன்ஜின்ல லைனர் (பிஸ்டன் ஓடுற உருளை) அதிர்றப்ப அதோட வெளிச்சுவர்ல தண்ணிக் குமிழி உடைஞ்சு உடைஞ்சு ஊசி ஓட்டை விழும், சரியான கூலன்ட் இருந்தா அதுல இருக்குற மருந்து லைனர் மேல ஒரு பாதுகாப்புப் படலம் போட்டு அத தடுக்கும், வெறும் தண்ணியில அது கிடையாது. லைனர் செலவு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, இன்ஜின் கம்பெனி புக்குல சொன்ன கூலன்ட்ட சொன்ன அளவுல கலந்து ஊத்துங்க, வழக்கமா பாதிக்குப் பாதி வரும், ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க. கலர் கலரா ரெண்டு கம்பெனி கூலன்ட்ட கலக்காதீங்க. அளவு அடிக்கடி குறையுது, வெளிய எங்கயும் கசிவு இல்லன்னா எக்ஸ்சேஞ்சர் ட்யூப்ல ஓட்டை இருக்கான்னு பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்க.

எக்ஸ்சேஞ்சர் அடைச்சுக்கிட்டா பாத்ரூம் ஆசிட் ஊத்தி கழுவுறது நம்ம பக்கம் ரொம்ப நடக்குது. அது படிஞ்சத கரைக்கும், ட்யூப்பையும் மூடியையும் சேத்தே கரைக்கும், அறுபது நாப்பது பித்தளை மேல பட்டா ஜிங்க உருவுறதுக்கு அதே போதும். சிட்ரிக் ஆசிட், அதாங்க எலுமிச்சை உப்பு, வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு கொஞ்ச நேரம் ஊற வச்சு கழுவி, கடைசியா சோடா மாவு கரைச்ச தண்ணி விட்டு அலசுங்க. நேரம் கூட ஆகும், பரவாயில்ல.

இதெல்லாத்தையும் விட பலன் குடுக்குற வேலை ஒண்ணு இருக்கு, காசும் ரொம்ப ஆகாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு கட்டிக் கிடக்கும்போது லைன்ல உப்புத் தண்ணிய விட்டு வைக்காதீங்க. கடைசி நாள் கரைக்கு வந்ததும் சீ காக்க மூடிட்டு, ஸ்ட்ரெய்னர் மூடிய திறந்து அதுல ட்ரம்முல இருந்து நல்ல தண்ணி விட்டுக்கிட்டே இன்ஜின மெதுவா பத்து நிமிஷம் ஓட்டுங்க. தண்ணி நிக்காம விடணும், நின்னா பம்புக்குள்ள சுத்துற ரப்பர் இறக்கைச் சக்கரம், அதாவது இம்பெல்லர், உலர்ந்து நிமிஷத்துல கருகிடும். அப்புறம் நிறுத்தி, பம்ப்லயும் எக்ஸ்சேஞ்சர்லயும் அடியில இருக்குற பிளக்க கழட்டி முழுசா வடிச்சுடுங்க. இம்பெல்லர கழட்டி வச்சிடுங்க, இல்லன்னா ரெண்டு மாசத்துல அதோட இறக்கை வளைஞ்சபடியே நின்னுடும். துறைமுகத்துக்குள்ள தேங்கி நிக்கிற தண்ணி வெளிக்கடல் தண்ணி மாதிரி இல்ல, அழுகல்ல இருந்து சல்ஃபைடு வரும், செம்பு இனத்துக்கு அது விஷம், கருப்பா ஒரு படலம் விட்டு அடியில அரிக்கும். நீங்க புது எக்ஸ்சேஞ்சர் போடுறதா இருந்தா இன்னும் கவனம், செம்பு நிக்கல் ட்யூப் மேல நல்ல படலம் படிய ஆரம்ப வாரங்கள்ல சுத்தமான ஓடுற கடல் தண்ணி வேணும், புதுசு போட்ட உடனே துறைமுகத் தண்ணிய நிரப்பி நிறுத்தி வைக்காதீங்க.

மண்டபம் பக்கம் காத்தே எவ்வளவு உப்புன்னு நமக்குத் தெரியும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சிக்காரங்க உலோகத்த வெளிய வச்சு எவ்வளவு அரிக்குதுன்னு பாக்க மண்டபத்துலதான் நிலையம் வச்சிருக்காங்க, சும்மாவா வச்சாங்க. அதுனால லைனோட வெளிப்பக்கத்தையும் விட்டுடாதீங்க, நல்ல தண்ணியில துடைச்சு, காஞ்ச பிறகு கிளிப், நட்டு, மரை மேல வாசலின் மாதிரி ஏதாவது ஒண்ணு தடவி விடுங்க. பெயின்ட் அடிக்கிறதா இருந்தா ரெண்டு உலோகம் சேர்ற இடத்துல கரையாம தப்பிக்கிற உலோகத்துக்கும் சேத்து அடிங்க. இரும்புக்கு மட்டும் அடிச்சா பெயின்ட்ல ஒரு கீறல் விழுந்த இடத்துல மொத்த அரிப்பும் அந்தப் புள்ளிக்கே வந்துரும்.

இப்ப உங்க போட்டுக்கு என்ன அவசரம்னா, மூடிக்குள்ள மாட்டிக்கிட்ட அந்தப் பாதி நிப்பிள உளி வச்சு அடிச்சு எடுக்காதீங்க, மூடி மரை போயிடும். ஹேக்ஸா பிளேட உள்ள விட்டு நிப்பிள் சுவர்ல மட்டும் ரெண்டு இடத்துல கோடு போட்டு, உள்பக்கமா மடக்கி எடுங்க, செத்த பித்தளை சுலபமா நொறுங்கி வரும். எடுத்த பிறகு மூடியோட மரையையும் சுரண்டிப் பாருங்க, அதுவும் ரோஸா இருந்தா புது நிப்பிள அதுல திருகி கடலுக்கு அனுப்பாதீங்க, மூடியையே மாத்தணும். சீ காக்க கடைசியா விடாதீங்க, அதத்தான் முதல்ல பாக்கணும், தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்குற எல்லாத்தையும் இந்த வாரமே சுரண்டிப் பாருங்க, மேல இருக்குறது தடைக்காலம் வரைக்கும் பொறுக்கும். சுரண்டுன இடத்த நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து போடுங்க தம்பி, நிறத்தப் பாத்து எது இருக்கலாம் எது போகணும்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.